இரண்டு முப்பத்தெட்டு

போன வாரம் பெட்வே வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வறுத்த கெளுத்தி மீன் ஆறிக்கொண்டிருக்க, ஆமோஸ் தன் அப்பாவிடம் ஒரு சத்தியம் வாங்கினான். பைபிள் மேல் கை வைக்கச் சொன்னான். பைபிள் மாடியில் இருந்தது. வார்டெல் பெட்வேக்கு முட்டி வலி. அதனால் டாம்பிக்பீ ஸ்டேட் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்ட அட்டவணை மேல் கை வைத்தார். அந்த வீட்டில் இரண்டுக்கும் மரியாதை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சத்தியம் இதுதான்: சனிக்கிழமை ஒத்திகை ஆட்டத்தில் மெரூன் சட்டை முப்பத்தெட்டாம் நம்பரில் இறங்கப்போகிறவன் தன் மகன் என்று வார்டெல் மூச்சு விடக் கூடாது. முக்கியமாக, ஸ்டேடியத்தின் 114-ம் பகுதியில் விடவே கூடாது.

“அவங்க என்னை ஆமோஸா பார்த்தா பாராட்டிடுவாங்கப்பா” என்றான் பையன். “வெறும் நம்பரா பார்த்தாத்தான் உள்ளதைச் சொல்லுவாங்க. எனக்கு உள்ளது வேணும்.”

பதினெட்டு வயதில் ஒருவன் உண்மை வேண்டும் என்று கேட்டால் பெரியவர்கள் யாராவது குறுக்கே விழுந்து தடுத்திருக்க வேண்டும். யாரும் விழவில்லை. மீன் ஆறிப்போனதுதான் மிச்சம்.

சனிக்கிழமை வந்தது. வெயிலும் வந்தது.

அலபாமாவின் அந்த மூலையில் ஆகஸ்ட் வெயில் மனிதனை அவித்த வேர்க்கடலை ஆக்கிவிடும். அதனாலோ என்னவோ 114-ம் பகுதியில் எல்லோர் மடியிலும் அவித்த வேர்க்கடலைப் பொட்டலம் இருந்தது. வார்டெல், அவர் மனைவி ஜொனெட்டா, கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் மகள் டெமிக்கா மூன்று பேரும் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். நடையிலேயே ஒரு திருட்டுத்தனம் இருந்தது. சொந்த வீட்டில் திருடப்போகிறவர்கள் அப்படித்தான் நடப்பார்கள்.

“வாப்பா வார்டெல்! நீ வராம ஒரு பையனையும் எடை போடக் கூடாதுன்னு வாயைக் கட்டிட்டு உக்காந்திருக்கோம்” என்றார் கிளைவ் டபின்ஸ். ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர். மடியில் எப்போதும் ஒரு கை ரேடியோ இருக்கும்.

“வாயைக் கட்டிட்டா?” என்றார் பக்கத்தில் இருந்த சர்ச் டீக்கன் ராய்ஃபோர்ட். “இப்பத்தான் நாலு பேரோட எதிர்காலத்தை முடிச்சு வெச்சீங்க.”

“அது சும்மா பேச்சு. தீர்ப்பு இவன்தானே சொல்லணும்.”

அது நிஜம். வருஷா வருஷம் ஆகஸ்டில் நடக்கும் இந்த ஒத்திகை ஆட்டத்தில்தான் முதலாமாண்டுப் பையன்கள் முதன்முதலாக வெளிச்சத்துக்கு வருவார்கள். அவர்களில் எவன் தேறுவான், எவன் கிறிஸ்துமஸுக்குள் வேறு கல்லூரி பார்ப்பான் என்று சொல்வது 114-ம் பகுதியின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை யாரும் கொடுக்கவில்லை. அதனால் யாராலும் திரும்ப வாங்கவும் முடியவில்லை.

தலைமைத் தீர்ப்பாளர் வார்டெல். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேத மதிப்பீட்டாளராக வேலை. இடித்த கார், ஆலங்கட்டி விழுந்த கூரை இதையெல்லாம் சுற்றி வந்து பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்வார். அந்தப் பாஷையே 114-க்கும் பாஷையாகிவிட்டது. பையனுக்குச் சின்னக் குறை என்றால் ‘கீறல்’. ஒரு வருஷம் உட்கார வைத்தால் சரியாகும் என்றால் ‘பள்ளம்’. ஒன்றும் செய்வதற்கில்லை, எடைக்குத்தான் போடணும் என்றால் ‘மொத்தச் சேதம்’.

மொத்தச் சேதம் என்று வார்டெல் சொன்னால் அப்பீல் கிடையாது. ஒருமுறை அவர் அப்படித் தள்ளிய பையன் பிற்பாடு மாநிலச் சட்டசபைக்குப் போனான். தீர்ப்பு சரி என்பதற்கு அதையும் ஓர் ஆதாரமாகவே 114 எடுத்துக்கொண்டது.

“ஆமோஸ் எப்படி இருக்கான்? பென்சகோலாவுல இறால் நல்லா விழுதா?” என்று கேட்டார் கிளைவ்.

ஆமோஸ் தன் சித்தப்பாவின் இறால் படகில் வேலைக்குப் போயிருப்பதாக ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். அது பொய். சத்தியத்துக்குத் துணையாக வாங்கியது.

“விழுது” என்றார் வார்டெல்.

“ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவனுக்காக ஜெபம் பண்றேன்” என்றார் டீக்கன். “கடல் கொந்தளிக்கக் கூடாதுன்னு.”

ஜொனெட்டா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிறையக் குடித்தாள்.

மைதானத்தில் ஒரே அணி இரண்டாகப் பிரிந்து நின்றது: பந்தோடு தாக்கும் பக்கம் வெள்ளைச் சட்டை, தடுக்கும் பக்கம் மெரூன் சட்டை. டாம்பிக்பீ ஸ்டேட் அணிக்குக் கோவேறு கழுதைகள் என்று பெயர். எதிரிகள் வைத்த பெயர் இல்லை. இவர்களே யோசித்து, கமிட்டி போட்டு வைத்துக்கொண்டது. ஒரு புதுப் பையன் முதல்முறையாக உருப்படியாக ஏதாவது செய்தால் 114 மொத்தமும் எழுந்து கோவேறு கழுதை மாதிரிச் சத்தம் போடும். முன்பாதி குதிரை, பின்பாதி கழுதை. கேட்கிறவனுக்குப் பாராட்டா கேலியா என்று சட்டென்று தெரியாது. அந்தச் சத்தம் வாங்கும்வரை பையனுக்குப் பெயர் கிடையாது. வெறும் நம்பர்தான். வாங்கிய பிறகு, அவன் பெயரை இவர்கள் செத்தாலும் மறக்க மாட்டார்கள்.

முதலில் குளிர்சாதனப் பெட்டிக்குக் கால் முளைத்தது போல ஒரு பையன் வந்தான். எதிரே நின்றவனைத் தள்ளினான். தள்ளிக்கொண்டே போனான். விசில் அடித்த பிறகும் தள்ளிக்கொண்டிருந்தான்.

“எப்படி வார்டெல்?”

“எஞ்சின் நல்லாருக்கு. பிரேக் இல்ல.”

“பள்ளம்?”

“பள்ளம்.”

அடுத்து, பந்தை வீசும் பையன். நல்ல உயரம், நல்ல பல். மூன்று தடவை வீசினான். மூன்றும் அழகாகப் பறந்து, யாருமே இல்லாத இடங்களில் போய் விழுந்தன.

“பெயின்ட் வேலை பிரமாதம்” என்றார் வார்டெல். “உள்ள என்ன இருக்குன்னு ஒரு மழை பெஞ்சாத்தான் தெரியும்.”

114 சிரித்தது. வார்டெலும் சிரித்தார். ஒரு நிமிஷம் எல்லாம் போன வருஷம் மாதிரியே இருந்தது.

பிறகு மெரூன் முப்பத்தெட்டு உள்ளே இறங்கினான்.

ஆமோஸை அணி தேடிவந்து எடுக்கவில்லை. அவனாகப் போய் நின்றவன். கல்யாணத்துக்குப் பத்திரிகை வராமலே போய்ப் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி. அப்படி வந்தவர்கள் இந்த வருஷம் கொஞ்சம் அதிகம். இன்றைய ஆட்டம் முடிந்ததும் கோச் அவர்களை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிடுவார். இருப்பவனையும் கூப்பிடுவார், போகிறவனையும் கூப்பிடுவார். உள்ளே போகும்வரை எது என்று தெரியாது. அப்படி வந்தவர்களின் பெயர்கள் வாசலில் கொடுத்த தாளில் அச்சாகவும் இல்லை. நம்பர்களில் பஞ்சம் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நம்பரைக் கொடுப்பதும் உண்டு. இன்றைக்கு வெள்ளையிலும் ஒரு முப்பத்தெட்டு இருந்தான். அவனும் பத்திரிகை இல்லாமல் வந்தவன்.

மகன் இறங்கியதும் ஜொனெட்டா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

“முடிஞ்சதும் சொல்லு” என்றாள் துண்டுக்குள்ளிருந்து.

“இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா” என்றாள் டெமிக்கா.

“முடிஞ்சதும் சொல்லுன்னேன்.”

ஆரம்பித்தது. பந்து வெள்ளை முப்பத்தெட்டின் கைக்குப் போனது. பையன் இடது பக்கம் போவது போல ஒரு தோளை மட்டும் அனுப்பினான்; மற்றதெல்லாம் வலது பக்கம் போயிற்று. எதிரே நின்றவன் ஆமோஸ். கால்களை அகட்டி, கைகளை விரித்து, அப்பா சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தபடியே சரியாக நின்று, அந்தத் தோளைக் கட்டிப்பிடித்தான். அங்கே தோள் இல்லை. காற்றைக் கட்டிக்கொண்டு முகம் குப்புற விழுந்தான். வெள்ளை முப்பத்தெட்டு கடைசிக் கோட்டைத் தாண்டி நின்று, யாராவது துரத்துகிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

114 அமைதியாக இருந்தது. காரணம், ரேடியோ இன்னும் சொல்லவில்லை.

கல்லூரி ரேடியோவில் யாராவது கெட்ட வார்த்தை பேசிவிட்டால் வெட்டுவதற்காக எல்லாமே சில விநாடி தாமதமாகத்தான் வரும். 114 அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. கண் எதிரே நடந்தாலும் கிளைவின் ரேடியோ சொன்ன பிறகுதான் நம்புவார்கள்.

ரேடியோ சொன்னது: “முப்பத்தெட்டு! யாருய்யா இந்தப் பையன்? முப்பத்தெட்டு! பிடிக்க ஆள் இல்ல!”

114 மொத்தமும் எழுந்தது. முன்பாதி குதிரை, பின்பாதி கழுதை. சத்தம் ஸ்டேடியத்தைச் சுற்றி வந்து தங்களுக்கே திரும்பக் கேட்டது.

துண்டு விலகியது. ஜொனெட்டா எழுந்து நின்றாள். அவளுக்குக் கேட்டதெல்லாம் நம்பரும் சத்தமும்தான்.

“ஆமோஸ்! அது என் ஆமோஸ்! நான் பெத்த பிள்ளை!”

சத்தியம் உடைந்தது. உடைந்ததுகூடப் பரவாயில்லை. தப்பான இடத்தில் உடைந்தது.

அதே நேரம், முன் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த மஞ்சள் தொப்பிப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு பாதி எழுந்திருந்தாள். ஜொனெட்டாவின் குரல் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு மெல்ல உட்கார்ந்துகொண்டாள்.

“ஆமோஸா?” கிளைவுக்குக் கண் விரிந்தது. “நம்ம ஆமோஸா? இறால் பிடிக்கிற ஆமோஸா?”

“அப்ப நான் யாருக்காகக் கடல் அமைதியா இருக்கணும்னு ஜெபம் பண்ணினேன்?” என்றார் டீக்கன்.

“கடல் அமைதியாத்தானே இருக்கு டீக்கன்” என்றாள் டெமிக்கா. “வீண் போகல.”

“வார்டெல்! கல்லுளிமங்கா! வீட்டுக்குள்ள இப்படி ஒரு பையனை வெச்சுக்கிட்டு வாயைத் திறக்காம உக்காந்திருக்கியே!” கிளைவ் முதுகில் அறைந்தார். யார் யாரோ வந்து கை குலுக்கினார்கள். வார்டெலின் கை அவரைக் கேட்காமலே ஏறி இறங்கியது.

ஜொனெட்டா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். இப்போதுதான் மைதானத்தைப் பார்த்தாள். கோட்டுக்கு அப்பால் நிற்கும் முப்பத்தெட்டு வெள்ளைச் சட்டையில் இருந்தான். நடு மைதானத்தில் வாயிலிருந்து புல்லைத் துப்பிக்கொண்டிருந்த முப்பத்தெட்டு மெரூன் சட்டையில் இருந்தான்.

உட்கார்ந்தாள்.

“வெள்ளைச் சட்டை” என்றாள் மெல்ல.

“ஆமா” என்றார் வார்டெல்.

“நம்ம பையன் மெரூன்.”

“ஆமா.”

“இப்ப என்ன பண்றது?”

“கடலை சாப்பிடு.”

டெமிக்கா குனிந்து இருவருக்கும் நடுவே தலையை நுழைத்தாள். “இப்ப திருத்திச் சொன்னா நிஜமான சத்தியம் உடையும்பா. அம்மா உடைச்சது தப்பான பையனுக்கு. அது கணக்குல சேராது. பேசாம இருங்க.”

“எந்தச் சட்டக் கல்லூரியில சேர்ந்திருக்க நீ?”

“வழி சொல்றேன்ல? வேற வழி இருந்தா நீங்க சொல்லுங்க.”

வார்டெல் ஒரு கடலையை உரித்தார்.

மஞ்சள் தொப்பிப் பெண் இப்போது முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ராத்திரி முழுக்கக் கார் ஓட்டி வந்த முகம்.

“பையன் ரொம்ப நல்லா ஓடறான்ம்மா” என்றாள் ஜொனெட்டாவிடம், மரியாதையாக. “சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தானா?”

“ஆமா” என்றாள் ஜொனெட்டா. வேறென்ன சொல்வாள்? “ஓடிக்கிட்டே இருப்பான்.”

“எங்க ஓடுவான்?”

“எங்கயாவது... தெருவுல. நாய் துரத்தும்.”

“நாய் பிடிக்குமா?”

“எந்த நாயும் பிடிச்சதில்ல” என்றாள் ஜொனெட்டா. கண்ணில் நீர் முட்டியது. கேட்டவள் அதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டாளா, வேறு எதுவோ என்று எடுத்துக்கொண்டாளா, தெரியவில்லை. “கொடுத்து வெச்சவங்க” என்று சொல்லிவிட்டு மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆட்டம் தொடர்ந்தது. வெள்ளை முப்பத்தெட்டு பந்தைத் தொட்டபோதெல்லாம் 114 எழுந்து, வார்டெலைத் திரும்பிப் பார்த்து, “நம்ம ஆமோஸ்!” என்றது. ஆமோஸ் அதே விநாடியில் எங்கேயோ புல்லில் கிடந்தான்.

“அந்த மெரூன் முப்பத்தெட்டைப் பாருங்க டீக்கன்” என்றார் கிளைவ். மருந்து கொடுத்துப் பழகிய கை. வாய் மட்டும் கசப்பு. “உள்ள வரலாமா மேடம்னு கதவைத் தட்டிக் கேக்கிற மாதிரி ஆடறான்.”

“பையன் எழுந்துக்கிறான்ல.”

“எழுந்துக்கிறான். விழறதுக்கு வசதியா இருக்கும்னு எழுந்துக்கிறான்.”

“யாரு பெத்த பிள்ளையோ” என்றார் டீக்கன். “அவன் அம்மா இங்க இல்லாம இருக்கணும். அவளுக்கும் சேர்த்து இன்னிக்கு ஒரு ஜெபம் பண்றேன்.”

“பண்ணுங்க” என்றாள் ஜொனெட்டா.

வார்டெல் மெரூன் முப்பத்தெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்ததை அவரால் தெரியாததாக்க முடியவில்லை. ஆமோஸ் சரியாகத்தான் யோசித்தான். சரியான இடத்துக்குத்தான் போனான். ஒவ்வொரு முறையும் அரை அடி தாமதமாகப் போனான். அந்த அரை அடியைச் சொல்லிக்கொடுக்க முடியாது. வேறு யார் பையனாக இருந்தாலும் வார்டெல் கடலைத் தோலைத் துப்பிவிட்டு, தலையைத் திருப்பாமலே அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லியிருப்பார். எத்தனையோ அப்பாக்கள் பக்கத்தில் இருக்கும்போதே அப்படிச் சொல்லியும் இருப்பார். யார் கண்டது?

“வார்டெல்” என்றாள் ஜொனெட்டா, உதடு அசையாமல். “உள்ளதைச் சொல்லு. நம்ம பையன் எப்படி?”

“வெயில் ஜாஸ்தியா இருக்கு” என்றார் வார்டெல்.

அவள் திரும்பவும் கேட்கவில்லை. துண்டை எடுத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

ஆட்டம் முடிந்ததும் யாரும் எழுந்து போகவில்லை. 114-க்கு இனிமேல்தான் முக்கியமான வேலை. சனிக்கிழமை ரேடியோவில் ஹார்லன் நடத்தும் நேயர் நிகழ்ச்சி ஆரம்பிக்கும். கிளைவ் போன் போடுவார். வார்டெல் பேசுவார். அந்த வருஷத்துப் புதுப் பையன்களின் தலைவிதி ஊர் முழுக்கக் கேட்கும்.

டெமிக்காவின் போன் ஒருமுறை அதிர்ந்தது. படித்தாள். அப்பாவிடம் நீட்டினாள்.

ஆமோஸ் எழுதியிருந்தான்: *உடை மாத்தற ரூம்ல எல்லாரும் ஹார்லன் நிகழ்ச்சியைத்தான் போட்டிருக்காங்க. கோச் கூப்பிட ஆரம்பிச்சிட்டார். எனக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க. என்னைப் பத்தி உள்ளதைச் சொல்லச் சொல்லு அப்பாவை. பொய் சொன்னா குரல்லயே தெரிஞ்சிடும்.*

“இவனுக்கு அம்மா கத்தினது தெரியாது” என்றாள் டெமிக்கா. “வெள்ளைச் சட்டைதான் ஆமோஸ்னு இங்க எல்லாரும் நினைக்கிறாங்கங்கிறதும் தெரியாது.”

“உன் அம்மா மேல பழி போடாதே.”

“போடலப்பா. நிலவரம் சொல்றேன்.”

கிளைவ் போனை நீட்டினார். “லைன்ல இருக்கான். பேசு.”

“114!” என்றது ஹார்லனின் குரல். “சேத மதிப்பீட்டாளர் ஐயா! இந்த வருஷச் சரக்கு எப்படி?”

வார்டெல் தொண்டையைச் செருமினார். குளிர்சாதனப் பெட்டிப் பையனுக்குப் பிரேக் இல்லை என்றார். அழகாக வீசும் பையனுக்கு மழை வரட்டும் என்றார். ஹார்லன் சிரித்தான். 114 சிரித்தது. சில விநாடி கழித்து ரேடியோவும் அதே சிரிப்பைச் சிரித்தது.

“சரி, இப்ப எல்லாரும் கேக்கிற கேள்வி. வெள்ளை முப்பத்தெட்டு?”

114 முழுக்கப் பல்லைக் காட்டியது. கிளைவ் வார்டெலின் தொடையில் தட்டினார். பெருமையா பேசுப்பா, உனக்கு உரிமை இருக்கு என்கிற தட்டல்.

முன் வரிசையில் மஞ்சள் தொப்பி அசையாமல் இருந்தது.

“அந்தப் பையன்...” என்றார் வார்டெல். “இப்பத்தான் ஷோரூம்லேர்ந்து வந்த மாதிரி இருக்கான். சுத்திச் சுத்திப் பார்த்தேன். ஒரு கீறல் இல்ல. பெத்தவங்க யாரா இருந்தாலும் நிம்மதியாத் தூங்கலாம்.”

“பாரு, எவ்வளவு அடக்கமாப் பேசறான்” என்று டீக்கனிடம் கிசுகிசுத்தார் கிளைவ்.

மஞ்சள் தொப்பியின் தோள்கள் ஒருமுறை ஏறி இறங்கின.

“அப்ப இன்னொரு முப்பத்தெட்டு?” என்றான் ஹார்லன். “மெரூன் சட்டை. ஏற்கெனவே சில பேர் கூப்பிட்டு அவனைக் கிழிச்சிட்டாங்க. ஆனா நீங்க சொல்றதுதான் கடைசி வார்த்தை. அது என்ன ரெண்டு வார்த்தை உங்களுது, சொல்லுங்க பார்ப்போம்!”

கிளைவ் அந்த இரண்டு வார்த்தையை உதட்டால் அடியெடுத்துக் கொடுத்தார், சத்தம் வராமல்.

வார்டெல் மைதானத்தைப் பார்த்தார். யாரும் இல்லை. வெள்ளைக் கோடுகள், மிதிபட்ட புல். சொன்னால் பையன் உடைவான். சொல்லாவிட்டால் குரலில் தெரியும். போனை ஜொனெட்டாவிடம் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு விநாடி யோசித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

“ஹலோ? 114?”

“ஹார்லன்” என்றார் வார்டெல். “எங்க கம்பெனியில ஒரு விதி இருக்கு. சொந்த வண்டிக்கும், ரத்த சொந்தக்காரங்க வண்டிக்கும் நான் மதிப்பீடு போடக் கூடாது. வேற ஆளைத்தான் அனுப்பணும். நான் பார்த்தா நான் பார்க்கிறது சரியா இருக்காதுன்னு அவங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த மெரூன் முப்பத்தெட்டு என் வீட்டு வண்டி.”

போனைக் கிளைவின் கையில் திரும்ப வைத்தார்.

கிளைவ் தலையாட்டினார். அது பழக்கத்தில் ஆடிய தலை. காதெல்லாம் ரேடியோவில் இருந்தது. அதில் ஹார்லன் இன்னமும் “அது என்ன ரெண்டு வார்த்தை உங்களுது” என்று கேட்டுக்கொண்டிருந்தான். டீக்கன் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

வார்டெலுக்கும் ஜொனெட்டாவுக்கும் டெமிக்காவுக்கும் மட்டும் தெரிந்த சில விநாடிகள் அவை. சொன்னது சொன்னதாகிவிட்டது. வந்துகொண்டிருக்கிறது. 114-க்கும் வருகிறது, உடை மாற்றும் அறைக்கும் வருகிறது. எழுந்து ஓடி நிறுத்த முடியாது. கெட்ட வார்த்தை ஒன்றைச் சேர்த்துச் சொல்லியிருந்தாலாவது வெட்டியிருப்பார்கள்.

ரேடியோவில் நிசப்தம் வந்தது. பிறகு “ஹலோ? 114?” வந்தது. பிறகு வார்டெலின் குரல், தகரத்துக்குள்ளிருந்து பேசுவது போல, தன்னுடைய விதியைச் சொன்னது.

“...என் வீட்டு வண்டி.”

டீக்கனின் கையிலிருந்த கடலை உருண்டு படியில் விழுந்தது.

கிளைவ் மெதுவாகத் திரும்பினார். முகத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கியது: விழுவதற்காக எழுகிறான் என்று சொன்னதும், கதவைத் தட்டுகிறான் என்று சொன்னதும், எல்லாம்.

“வார்டெல்... அந்தப் பையனா? அவனா ஆமோஸ்?”

“ஆமா.”

“நான் ஆட்டம் பூரா...”

“கேட்டேன் கிளைவ்.”

“மிஸ் ஜொனெட்டா, நான்...”

“விடுங்க” என்றாள் ஜொனெட்டா. கண் இன்னும் மூடியே இருந்தது.

முன் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது, திரும்பாமலே. “அப்ப என் பையனை எனக்குத் திருப்பிக் குடுத்துடறீங்களா?”

ஜொனெட்டா கண்ணைத் திறந்தாள். மஞ்சள் தொப்பிப் பெண் திரும்பினாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

“என் பேரு வெர்லீன். அவன் பேரு க்விண்டல். ஜார்ஜியாலேர்ந்து வந்திருக்கேன். யார்கிட்டயும் சொல்லாதேம்மா, வெறும் நம்பரா இருந்துட்டுப் போறேன்னான். சரின்னு வாயை மூடிட்டு உக்காந்தேன். எழுந்தா, எனக்கு முன்னாடி நீங்க எழுந்துட்டீங்க.”

“ஐயோ, நாய்ன்னு வேற சொன்னேனே” என்றாள் ஜொனெட்டா.

“நாய் நிஜம்தான். துரத்திக்கிட்டே இருக்கும்” என்றாள் வெர்லீன். “அவனையும் கோச் இன்னும் கூப்பிடல. எப்படி ஓடினாலும் எங்களுக்கும் பத்திரிகை வரலையே.”

டெமிக்காவின் போன் அடித்தது. இந்த முறை செய்தி இல்லை, அழைப்பு. ஆமோஸ் என்றது திரை. அவள் எடுக்கவில்லை, அம்மாவிடம் நீட்டினாள். ஜொனெட்டா வாங்கவில்லை, வார்டெலைப் பார்த்தாள். வார்டெல் வாங்கினார்.

காதில் வைத்ததும் முதலில் பையன் குரல் வரவில்லை. உடை மாற்றும் அறை மொத்தமும் வந்தது. முப்பது நாற்பது இளந்தொண்டைகள் ஒன்றாகக் கோவேறு கழுதைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. சுவரில் மோதி, லாக்கர் கதவுகளில் மோதி வந்தது. ஜொனெட்டாவுக்கும் கேட்டது, வெர்லீனுக்கும் கேட்டது.

“அப்பா” என்றான் ஆமோஸ், அதற்கு நடுவே.

“கேட்டியா?”

“எல்லாரும் கேட்டாங்க.”

“ஆமோஸ், நான்...”

“அந்த விதி நிஜமா இருக்கா? இல்ல, அப்பத்தான் கண்டுபிடிச்சீங்களா?”

“நிஜம்தாம்ப்பா. வேலையில சேர்ந்த அன்னிக்கே சொல்லிடுவாங்க.”

“சரி.”

பையன் வேறென்னவோ சொல்ல வாயெடுத்தான். மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் யாரோ அவன் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பெயரை இல்லை, நம்பரை.

“கோச் கூப்பிடறார்ப்பா. வெச்சிடறேன்.”

“க்விண்டலைக் கூப்பிட்டாரான்னு கேளுங்க!” என்றாள் வெர்லீன். “எந்த முப்பத்தெட்டைக் கூப்பிட்டாங்கன்னு கேளுங்க!”

போன் அடங்கிவிட்டிருந்தது.

“வார்டெல்” என்றாள் ஜொனெட்டா. “அந்தச் சத்தம். பையனுங்க போட்டாங்களே. அது நல்லதுக்கா, கேலிக்கா?”

114 மொத்தமும் அவர் முகத்தைப் பார்த்தது, வழக்கம்போல.

“தெரியல” என்றார் வார்டெல்.

அந்தப் பகுதியில் அந்த வார்த்தையை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. கிளைவ் மடியிலிருந்த ரேடியோவை எடுத்து வார்டெலுக்கும் வெர்லீனுக்கும் நடுவே படியில் வைத்தார். பதில் அதில் வரும் என்பது போல, சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

ரேடியோவில் டயர் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.